அண்ணாவின் கண்ணாடியும் எங்கள் வெள்ளவத்தை ஹோலும்

2023 டிசம்பரில் ஒரு கலியாணத்துக்காகக் கனடாவில் இருந்து வந்த சித்தப்பாவின் சூட்கேசில், சொக்லேட் பைகளுக்கும் தைலப் போத்தல்களுக்கும் நடுவில்தான் அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, அந்த ஒக்டோபரில் வெளியான மெட்டா குவெஸ்ட் 3 என்ற விஆர் கண்ணாடியை, அதாவது முகத்தில் மாட்டினால் கண்முன் முழுக்க வேறோர் உலகத்தைக் காட்டும் கருவியை, வாங்கியிருந்தார். அதுவரை பாவித்த குவெஸ்ட் 2-ஐ விற்க மனம் வராமல் எனக்கு அனுப்பிவிட்டார். "போட்டுப் பார். பிறகு நாங்கள் ரெண்டு பேரும் பழையபடி மேசைப்பந்து விளையாடலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவும் வந்தது.

பழையபடி என்று அவர் சொன்னது கொட்டாஞ்சேனையில் நாங்கள் வளர்ந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையை. குறுக்கே கொப்பிகளை வரிசையாக நிறுத்துவோம், அதுதான் வலை. அண்ணா வெளிநாடு போய் இருபது வருசம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து ஒரு விளையாட்டும் விளையாடியதில்லை. அதனால் அந்தக் கண்ணாடியைக் கையில் எடுத்த நிமிடமே, இதை எப்படியாவது கெதியாகப் பழகிவிடவேண்டும் என்ற அவசரம் வந்துவிட்டது. முதல் மாதம் நான் பட்ட பாடு முழுக்க அந்த அவசரத்தால் வந்ததுதான். எங்களைப் போல சின்ன ஃப்ளாட்டில், வீடு நிறைய ஆட்களோடு, கொழும்பின் வெக்கையில் இதைப் பாவிக்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் நாள் இரவு சாப்பிட்ட கையோடு, ஒன்பது மணிக்குக் கண்ணாடியை மாட்டினேன். மேசைப்பந்து பிறகு, முதலில் எல்லாவற்றையும் பார்ப்போம் என்று நினைத்து, ஒரு பழைய மாளிகைக்குள் நடந்து திரியும் விளையாட்டைத் திறந்தேன். கையில் இருக்கும் கொன்ட்ரோலரின் சின்னத் தண்டை முன்னால் தள்ளினால், நின்ற இடத்தில் நின்றபடியே நான் மாளிகைக்குள் நடக்கிறேன். மூன்று நிமிடத்தில் கழுத்துப் பிடரியில் குளிர் வேர்வை. பிறகு கொட்டாவி. பிறகு வாயில் உமிழ்நீர் ஊறத் தொடங்கியது. அண்ணாவிடம் சொன்னேன். "எனக்கும் தொடக்கத்திலை அப்படித்தான். விடாமல் போடு, பழகிடும்" என்றார். நான்கு நாள் விடாமல் போட்டேன். நான்காம் நாள் குளியலறைக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். அம்மா முதுகைத் தடவிவிட்டு, "பிள்ளை, காசு குடுத்து வருத்தம் வாங்கக்கூடாது. அதை எடுத்து அலுமாரியிலை வை" என்றார்.

சத்தியை விடக் கெட்டது அதன்பிறகு நடந்தது. கண்ணாடியின் முகப் பஞ்சில் ஒரு மணம் இருக்கும், ரப்பரும் வேர்வையும் கலந்த மணம். அடுத்த நாள் அதைக் கையில் எடுத்ததுமே வயிறு புரட்டியது. மாட்டவே இல்லை, மணம் மட்டும்தான். கெட்டுப்போன மீன்கறி சாப்பிட்டு ஒருமுறை வருத்தம் வந்தவருக்கு, பிறகு அந்தக் கறியின் வாசமே ஆகாமல் போவது போல, என் உடம்பு கண்ணாடியை வருத்தத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டது. அந்த முடிச்சு அவிழ மூன்று கிழமை எடுத்தது. ஆகவே யார் உங்களிடம் "தாங்கிக்கொண்டு விளையாடு, பழகிடும்" என்று சொன்னாலும் கேட்காதீர்கள். பழகத்தான் செய்யும். ஆனால் வருத்தத்துக்குள் நின்றுகொண்டு பழக முடியாது. வருத்தம் தொடங்குவதற்கு முன் கழற்றிக் கழற்றித்தான் பழகவேண்டும். கொட்டாவி வந்தால் கழற்றுங்கள். பிடரி வேர்த்தால் கழற்றுங்கள். "இந்தக் கட்டத்தை மட்டும் முடித்துவிட்டு" என்று நினைத்தீர்களோ, அன்றைய இரவு போயிற்று.

இது ஏன் வருகிறது என்று விளங்கியபிறகுதான் எனக்கு அதன் மேல் இருந்த பயம் குறைந்தது. கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவை வளைவுகளில் வானுக்குள் இருந்து போனைப் பார்த்துக்கொண்டு போனால் தலை சுற்றும். உள்காதில் இருக்கும் திரவம் 'அசைகிறாய்' என்கிறது, கண் 'அசையவில்லை, எழுத்து அப்படியே நிற்கிறது' என்கிறது. விஆர் கண்ணாடியில் இதே வழக்கு தலைகீழாக நடக்கிறது. கண் 'நடக்கிறாய்' என்கிறது, காது 'நிற்கிறாய்' என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்படும்போது மூளை வயிற்றைப் பிடிக்கிறது. ஆக, எல்லா விளையாட்டும் ஒரே மாதிரிக் கேடு செய்வதில்லை. தண்டைத் தள்ளி நடக்கும் விளையாட்டுத்தான் மோசம். நாங்கள் ஓரடி வைத்தால் அங்கேயும் ஓரடி, தலை திரும்பினால் அங்கேயும் அதே அளவு திரும்பல் என்று இருக்கும் விளையாட்டில் கண்ணுக்கும் காதுக்கும் சண்டையே இல்லை. மேசைப்பந்து அந்த வகை. நான் எதற்காக இதையெல்லாம் தொடங்கினேனோ அதையே முதலில் திறந்திருந்தால், அந்த மூன்று கிழமையும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது காலி வீதியில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில். தலையிடி தொடர்ந்ததால் பவர் மாறிவிட்டதோ என்று கண்ணைக் காட்டப் போனேன். பவர் மாறவில்லை. ஆனால் அங்கிருந்த பிள்ளை என் இரண்டு கண்மணிக்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து, துண்டில் 60 மில்லிமீற்றர் என்று எழுதித் தந்தார். அந்த எண்ணைப் பார்த்ததும்தான் அண்ணாவின் பெட்டிக்குள் இருந்த சின்னக் கையேடு நினைவுக்கு வந்தது. குவெஸ்ட் 2-இல் இரண்டு லென்சையும் விரலால் பிடித்து நகர்த்தலாம். மூன்று நிலை உண்டு: 1 என்றால் 58 மில்லிமீற்றர், 2 என்றால் 63, 3 என்றால் 68. லென்சுகளுக்கு நடுவே அந்த எண் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தேன். 3-இல் நின்றது. அது அண்ணாவின் அகலமான முகத்துக்கு வைத்த அளவு. ஒரு மாதமாக என் கண்கள் தங்களுக்குப் பொருந்தாத இரண்டு யன்னல்களுக்குள்ளால் எட்டிப் பார்த்துக் களைத்திருக்கின்றன. 1-க்கு மாற்றியதும் எழுத்துகள் கூராகின, தலையிடி அந்தக் கிழமையே நின்றுவிட்டது. யாரிடமிருந்தாவது கைமாறி வந்த கண்ணாடி என்றால் முதல் வேலை இதுதான். வீட்டில் பலர் மாறி மாறிப் போட்டாலும் ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். எங்கள் பெட்டியின் மூடிக்கு உள்பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறோம்: நான் 1, இவர் (என் கணவர்) 3, மகன் 2.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னொன்று. பெட்டிக்குள் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். முகப் பஞ்சைக் கழற்றி அதை இடையில் வைத்தால் உங்கள் கண்ணாடிக்கும் லென்சுக்கும் இடைவெளி கிடைக்கும். வைக்காமல் போட்டால் இரண்டும் உரசும். அந்த லென்ஸ் பிளாஸ்டிக், கீறினால் கீறினதுதான்.

திரும்பத் தொடங்கியது இப்படி. காலையில், வெறும் வயிறும் இல்லாமல் நிறைந்த வயிறும் இல்லாமல், கதிரையில் இருந்தபடி, ஐந்து நிமிடம். கடலுக்கடியில் நின்று மீன் பார்ப்பது போன்ற, நான் அசையத் தேவையில்லாத காட்சிகள் மட்டும். ஒரு கிழமைக்குப் பிறகு பத்து நிமிடம். அதன்பிறகுதான் எழுந்து நின்றேன். பல விளையாட்டுகளில் நடப்பதற்குப் பதிலாக ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி அங்கே தாவும் வழியும், திரும்பும்போது ஒரேயடியாக வெட்டித் திரும்பும் வழியும், அசையும்போது ஓரங்களை இருட்டாக்கும் வழியும் அமைப்புகளுக்குள் இருக்கும். மூன்றையும் போட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. இஞ்சிப் பிளேன்டீ எனக்கு உதவியது. எல்லாவற்றையும் விட உதவியது ஒரு மேசை ஃபான். அதை அறையின் ஒரே இடத்தில் வைத்து முகத்துக்கு நேரே காற்று வரவிட்டேன். காற்று முகத்தில் பட்டால் அது டிவிப் பக்கம், முதுகில் பட்டால் நான் திரும்பிவிட்டேன். கண் மூடுண்டிருந்தாலும் உடம்புக்குத் திசை தெரிகிறது. காலடியில் ஒரு வட்டக் கால்மிதி போட்டிருக்கிறேன், பாதம் அதன் விளிம்பை உணர்ந்தால் நடுவில் இருந்து விலகுகிறேன் என்று அர்த்தம். தலைசுற்றலும் வெகுவாகக் குறைந்தது, சுவரில் மோதுவதும் குறைந்தது.

சுவர் என்றதும் ஹோலைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களுடையது கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி. ஹோல் 12 அடிக்கு 10 அடி, அதற்குள் சோபா, சாப்பாட்டு மேசை, டிவி, அம்மாவின் சாய்மனைக் கதிரை. நின்று விளையாட 2 மீற்றருக்கு 2 மீற்றர் வெறும் தரை வேண்டும். கண்ணாடியின் கமராக்கள் அறையைப் பார்த்துக்கொள்ளும், கொன்ட்ரோலரால் தரையில் ஓர் எல்லை கீறிவிட்டால், அதைத் தாண்டப் போகும்போது ஒரு வலைச்சுவர் கண்முன் எழும். இதை நம்பித்தான் நாங்கள் ஏமாந்தோம். அந்த எல்லை நாலு பக்கமும் பார்க்கும், தலைக்கு மேலே பார்க்காது.

எங்கள் ஹோலின் நடுவில், கொழும்பில் எல்லா வீட்டிலும் போல, கூரை ஃபான். மகனுக்கு அப்போது 14 வயது, 5 அடி 8 அங்குலம். பீட் சேபர் என்ற, தாளத்துக்கு ஏற்ப வரும் பெட்டிகளை வாளால் வெட்டும் விளையாட்டில் இருந்தான். மேலே வந்த பெட்டியை வெட்டக் கையை உயர்த்தி ஓர் எம்பு எம்பினான். ஃபான் மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் கொன்ட்ரோலரின் வளையம் தகடில் பட்ட சத்தம், அடுத்தது அவனுடைய அலறல். விரல் முட்டியில் தோல் பிரிந்து இரண்டு தையல் போடவேண்டி வந்தது. எலும்புக்கு ஒன்றும் இல்லை, அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். கொன்ட்ரோலர் மணிக்கட்டு வாரோடு கட்டியிருந்ததால் பறந்து போய் அம்மாவின் முகத்தில் படவில்லை, அதற்கும்தான்.

அதற்குப்பிறகு எங்கள் வீட்டுச் சட்டம்: கண்ணாடி தலையில் என்றால் கூரை ஃபான் நிற்கவேண்டும், மேசை ஃபான் மட்டும் ஓடும். போடப்போகிறவர் முதலில் நிமிர்ந்து நின்று, கொன்ட்ரோலரோடு கையைத் தூக்கி, நுனிக்காலில் எழும்பிப் பார்க்கவேண்டும். ஏதாவது தட்டுப்பட்டால் அந்த இடம் சரியில்லை. வீட்டில் உள்ள உயரமான ஆளை வைத்து அளந்து பாருங்கள், உங்கள் உயரத்தை வைத்து அளக்காதீர்கள். மணிக்கட்டு வாரை மாட்டாமல் விளையாட வேண்டாம். கீழ்மாடியில் இருக்கும் அன்ரிக்காக எம்பிக் குதிக்கிற விளையாட்டை இரவு எட்டு மணிக்குப் பிறகு நிறுத்திவிட்டோம், அவர் கேட்காமலே.

இனி வெயில். மேற்குப் பார்த்த யன்னல் உள்ள வீடுகளில் இருப்பவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். எங்கள் ஹோலில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கடல் பக்கத்தில் இருந்து வெயில் சரிந்து உள்ளே வந்து சோபா வரைக்கும் நீளும். ஒரு நாள் தொலைபேசி அடித்தது என்று கண்ணாடியைக் கழற்றி, லென்ஸ் மேலே பார்க்கும்படி சோபாவில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். திரும்பி வர சில நிமிடம்தான். அடுத்த முறை போட்டபோது வலது கண்ணின் கீழ்ப்பக்கத்தில் ஒரு மங்கலான மஞ்சள் புள்ளி. துடைத்தேன், போகவில்லை. சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் கடதாசி எரித்திருப்போமே, அந்த லென்ஸ்களும் அதையே செய்கின்றன. உள்ளே வரும் வெயிலைப் பின்னால் இருக்கும் திரையில் ஒரு புள்ளியாகக் குவித்து அதைச் சுட்டுவிடுகின்றன. கருவி அணைந்திருந்தாலும் சுடும். திருத்தவும் முடியாது. கனடாவில் வாங்கிய கருவிக்கு இங்கே உத்தரவாதமும் இல்லை. அந்தப் புள்ளி இன்றைக்கும் இருக்கிறது. இப்போது கழற்றிய கையோடு லென்சுக்கு மேல் ஒரு துணி மூடி போட்டு அலுமாரி லாச்சிக்குள் வைக்கிறோம். பல்கனியில் வைத்து விளையாடலாமா என்று யாராவது கேட்டால், வேண்டவே வேண்டாம்.

அதே லாச்சிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து போட்டிருக்கிறேன். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தால் ஈரமும் உப்பும் எல்லாவற்றுக்குள்ளும் போகும். கொன்ட்ரோலருக்கு ஒவ்வொரு ஏஏ பற்றரி, பாவிக்காத நாட்களில் அவற்றைக் கழற்றி வைத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடிக்காது. லென்ஸ் புகை படிந்தது போல மங்குவது எங்கள் ஊர்க் காலநிலையில் எல்லோருக்கும் வரும். ஏசி அறையில் இருந்து எடுத்துவந்து உடனே மாட்டினால் இன்னும் மோசம். வெளியே எடுத்து, கருவியை இயக்கிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருக்கவிட்டால் லென்ஸ் சூடேறி மங்கல் போய்விடும். துடைக்க, மூக்குக்கண்ணாடிக்குத் தரும் மெல்லிய துணி மட்டும், அதுவும் உலர்ந்ததாக. சானிடைசரோ ஸ்பிரிட்டோ லென்சில் படக்கூடாது.

முகப் பஞ்சு வேர்வையை உறிஞ்சிக்கொள்ளும். பம்பலப்பிட்டியில் தேடி ஒரு சிலிகன் உறை வாங்கி அதன்மேல் போட்டோம். ஒவ்வொருவரும் விளையாடி முடித்ததும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துவாயால் ஒற்றிவிடலாம். எனக்கு அந்த மணத்தில் இருந்து விடுதலை கிடைத்ததும் அந்த உறையால்தான். மகனின் வகுப்பில் கண்நோய் பரவிய நேரத்தில் இரண்டு கிழமை கண்ணாடியை ஒருவருமே தொடவில்லை. அவன் கோபித்தான், நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

பாரம் பற்றியும் ஒரு வார்த்தை. குவெஸ்ட் 2 503 கிராம். அரைக் கிலோ சீனிப் பையை முகத்தில் தொங்கவிட்டது போல. கன்னம் அமுங்கி, கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழுந்தால் பக்க வாரை இறுக்கியிருக்கிறீர்கள் என்று பொருள். பக்கவாரை இளக்கி, உச்சந்தலையால் போகும் வாரில் பாரத்தைத் தாங்கவிடவேண்டும், பின்வார் பிடரி எலும்புக்குக் கீழே நிற்கவேண்டும். 1968-இல் அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லாந்து செய்த, தலையில் மாட்டும் காட்சிக் கருவிகளின் முன்னோடியை, கூரையில் இருந்து தொங்கிய ஒரு பொறியோடுதான் பொருத்தியிருந்தார்களாம். மகன் வாசித்துச் சொன்னான். அந்தப் படத்தைப் பார்த்தபிறகு அரைக் கிலோ எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சின்னவளுக்கு எட்டு வயது. அவளுக்கு நாங்கள் தரவில்லை, இதில் வீட்டில் நிறைய அழுகை நடந்தது. தயாரித்தவர்களே நெடுங்காலம் 13 வயதுக்கு மேல் என்றார்கள், 2023-இல் பெற்றோர் பொறுப்பில் 10 வயதில் இருந்து என்று மாற்றினார்கள். எட்டு அதற்கும் கீழே. அவள் கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை அளவுகோலால் அளந்து பார்த்தேன், லென்சின் ஆகச் சின்ன நிலையான 58-ஐ விட நன்றாகக் குறைவு. எந்த நிலையில் வைத்தாலும் அவளுக்குப் பொருந்தாது. அந்தக் கழுத்துக்கு அரைக் கிலோவும் கூட. என்னுடைய ஒரு மாதத் தலையிடி எனக்கு நினைவில் இருக்கிறது. அதை ஒரு குழந்தைக்குக் கொடுக்க மாட்டேன். கண்ணாடிக்குள் தெரியும் காட்சியை டிவியில் ஓடவிட்டு, அவளை 'நடுவர்' ஆக்கினோம். எல்லையை யாராவது தாண்டினால் விசில் ஊதுவது அவள் வேலை. வீட்டில் இப்போது அதிகம் விபத்து நடக்காமல் இருப்பதற்கு அவளுடைய விசில்தான் காரணம்.

டிவியில் ஓடவிடுவதை முதல் நாளே செய்திருக்கவேண்டும். கண்ணாடி போட்டவர் எங்கேயோ போய்விடுகிறார், மற்றவர்கள் வெறும் முகமூடியைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதாயிற்று. "முகத்தை மூடிக்கொண்டு ஆரோடை கதைக்கிறாய்?" என்று அம்மா கேட்டதில் கோபத்தை விடத் தனிமை கூடவாக இருந்தது. டிவியில் அதே காட்சி ஓடத் தொடங்கியபிறகு அந்தக் கேள்வி வரவில்லை. மகன் இணையத்தில் யாரோடு விளையாடுகிறான், அங்கே என்ன கதைக்கிறார்கள் என்பதும் ஹோலில் எல்லோருக்கும் கேட்கும். தெரியாதவர்கள் கூடும் பொது அறைகளுக்கு அவன் தனியாகப் போவதில்லை என்பது ஒப்பந்தம்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதை 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை கண்டோம். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் நாடு முழுக்க இருண்ட நாள். காலை பதினொன்றரை போல, மகன் கண்ணாடிக்குள் இருந்தான். பற்றரியில் ஓடுவதால் திரை அணையவில்லை, அவனுக்குத் தெரிந்தது முகத்தில் பட்ட காற்று நின்றதுதான். அடுத்த நாள் மாலை, சுழற்சி முறையில் வெட்டியபோது வேறு கதை. அறை இருட்டானதும் கமராக்களுக்கு ஒன்றும் தெரியாமல், விளையாட்டு அப்படியே நின்று, கைகள் காற்றில் மிதந்து போயின. இவர் ஒரு சார்ஜ் லைட்டைக் கூரையைப் பார்த்து நிறுத்தினார், வெளிச்சம் அறை முழுக்கப் பரவியதும் சரியாகிவிட்டது. முழு இருட்டும் கூடாது, நேர் வெயிலும் கூடாது. எங்கள் வெள்ளை மாபிள் தரையும் வெறும் சுவரும் கமராவுக்கு அடையாளம் இல்லாமல் குழப்பும். சுவரில் ஒரு கலண்டரும் தரையில் அந்தக் கால்மிதியும் வந்தபிறகு தடுமாற்றம் குறைந்தது.

மேசைப்பந்துக்கு வருகிறேன். 2024 மார்ச் முடிவில்தான் அண்ணாவும் நானும் முதல் முறை ஆடினோம், லெவன் டேபிள் டென்னிஸ் என்ற விளையாட்டில். கோடையில் எங்களுக்கு ஞாயிறு மாலை ஆறரை என்றால் அவருக்குக் காலை ஒன்பது, குளிர்காலத்தில் எட்டு. உண்மையான மேசை 2.74 மீற்றர் நீளம், எங்கள் ஹோலில் போட்டால் அதைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. இங்கே என் பக்கத்து முனை மட்டும் ஹோலில், மறுமுனை ரொறன்ரோவில். அண்ணாவாகத் தெரிவது மிதக்கும் ஒரு தலையும் ஒரு மட்டையும் மட்டும். ஆனால் முதல் பந்தை எடுத்து அடிக்கும் முன், தலையை இடப்பக்கம் லேசாகச் சரித்தார். சாப்பாட்டு மேசையில் நின்றபோது சரித்த அதே சரிவு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, கண்ணாடிக்குள் துடைக்கவும் முடியாது.

ரவுட்டர் படுக்கையறையில் இருந்தபோது பந்து துள்ளித் துள்ளி இடம் மாறியது. எங்கள் கொங்கிரீட் சுவர்கள் அப்படி. ரவுட்டரை ஹோலுக்குக் கொண்டுவந்து, 5 கிகாஹேட்ஸ் வைஃபையில் இணைத்து, அந்த நேரத்தில் வேறு யாரும் வீடியோ பார்க்காமல் இருந்தால் நன்றாக ஓடுகிறது. தூரத்தால் வரும் தாமதம் இருக்கத்தான் செய்யும், அவர் மட்டை அசைவும் பந்தும் சில வேளை பொருந்தாது. பந்தை மட்டும் பார்த்து ஆடப் பழகினேன்.

ஒரே ஒரு முறை விழுந்தேன். ஐந்து செற் ஆடி முடித்துக் களைத்துப்போய், சின்ன வயதில் செய்வது போல இரண்டு கையையும் மேசையில் ஊன்றிச் சாய்ந்தேன். மேசை இல்லை. முழங்கால் தரையில் அடித்துக் கிழமைக்கணக்கில் நீலம். உங்களுக்கும் ஒரு நாள் அது நடக்கும், மூளை அவ்வளவு சுகமாக நம்பிவிடும். இப்போது செற் முடிந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிடுகிறேன். இருக்கவேண்டும் என்றால் கதிரையைக் கையால் தடவிப் பார்த்துத்தான் இருப்பேன்.

அம்மா டிவியைப் பார்த்தபடி சாய்மனைக் கதிரையில் இருந்து எனக்குச் சொல்லித் தருகிறார். "அவன் இடப்பக்கம் விடுறான், அங்கை போடு பிள்ளை." கண்ணாடியின் மைக் அறையில் நடப்பதையும் எடுத்துவிடும். "அம்மா, நீங்கள் அவளுக்குச் சொல்லிக் குடுக்கக்கூடாது" என்று அண்ணா அங்கிருந்து முறையிடுவார். அம்மாவுக்குப் போட்டுப்பார்க்க விருப்பமில்லை, கற்றரக்ட் செய்த கண் என்று நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் கண்ணாடியைத் தன்னிடம் தரச் சொல்வார். கழற்றினால் திரை அணைந்து குரலும் நின்றுவிடும். இரண்டு லென்சுக்கும் நடுவில் ஓர் உணரி இருக்கிறது, நெற்றி கிட்ட இருந்தால்தான் அது விழித்திருக்கும். அதைப் பெருவிரலால் மூடிக்கொண்டால் கருவி யாரோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும் என்று சின்னவள் அம்மம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தாள். போன ஞாயிறும், நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது, அம்மா அதை மடியில் வைத்து, பெருவிரலை அழுத்தியபடி, "சாப்பிட்டியா? அங்கை இப்ப குளிரே?" என்று அண்ணாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.